முதல் மேசை ஊசிக்காரி

அவள் எனக்கு அண்ணி முறை இல்லை. எங்கள் கொட்டகையில் ஒருத்தியைத் தவிர வேறு யாருக்குமே அண்ணி முறை இல்லை. அந்த ஒருத்தி, அவளுடைய நாத்தனார், நாளெல்லாம் கூரை அதிர "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லார் வாயிலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. மூட்டை இறக்குகிறவருக்குப் பேரன் பேத்தி எடுத்த வயசு. அவரே "அண்ணி, கொஞ்சம் ஒதுங்குங்க" என்பார். சங்கத்துச் செயலாளர் கூட்டத்தில் கூப்பிடும்போதும் அண்ணிதான். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தோதானவர்கள் இருக்கலாம். ஆனால் ஒரு பருவம் முழுக்க அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தவள் நான்தான். அவள் என் முகத்தைப் பார்த்தாளா என்றால் இல்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது, சொல்வதற்கென்ன.

முன்பெல்லாம் முந்திரிக்கொட்டையை மரத்தடியில் பொறுக்கி, மூட்டை கட்டி, அப்படியே வியாபாரிக்குப் போட்டுவிடுவோம். அவர் சொன்னதுதான் எடை, அவர் சொன்னதுதான் விலை. நம் தோப்புக் கொட்டை எங்கேயோ போய்ப் பருப்பாகி, கடையில் கண்ணாடிச் சாடிக்குள் உட்கார்ந்திருக்கும். வெளியே நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான், வாங்கக் கட்டுப்படியாகாது. சின்னச் சின்னத் தோப்புக்காரர்கள் கூடிச் சங்கம் வைத்து, இந்தக் கொட்டகையைப் போட்ட பிறகுதான் நிலைமை மாறியது. இப்போது நாங்களே ஆவியில் வேகவைத்து, ஓட்டை வெட்டி, உலர்த்தி, தோல் உரித்துப் பருப்பாக விற்கிறோம். முழுப் பருப்புக்கு நல்ல விலை. உடைசலுக்கு அதில் பாதி வந்தால் பெரிது. அதனால் எங்கள் கொட்டகையில் "உடைஞ்சிடுச்சு" என்பது கெட்ட வார்த்தை.

ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருத்தி வெட்டுகிறவள். கொட்டையைக் கத்திகளுக்கு நடுவே வைத்து, காலால் மிதித்து, கையால் பிடியை இழுத்து ஓட்டைப் பிளப்பாள். எதிரே இருப்பவள் ஊசிக்காரி. பிளந்த ஓட்டை எடுத்து, வளைந்த ஊசியால் நெம்பிப் பருப்பை வெளியே எடுப்பது அவள் வேலை. முந்திரிப் பருப்புக்கு முதுகும் உண்டு, வயிறும் உண்டு. முதுகுப் பக்கமாக ஊசி நுழைந்தால் பருப்பு முழுசாகத் துள்ளி வந்துவிடும். வயிற்றுப் பக்கம் குத்தினால் இரண்டாகப் பிளந்து போகும். எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. கை தானாகப் போக வேண்டும். அதற்கு எதிரே இருப்பவளின் வெட்டு பழகியிருக்க வேண்டும். ஒரு ஜோடி சரியாக அமைய ஒரு பருவம் பிடிக்கும். அமையாமலே பிரிந்த ஜோடிகளும் உண்டு. கல்யாணம் மாதிரிதான், ஆனால் இதில் வேலை நடந்தாக வேண்டும்.

முதல் மேசை அண்ணியுடையதும் நாத்தனாருடையதும். நாத்தனார் இடதுகைக்காரி. அவளுக்கென்று பட்டறைக்காரன் பிடியை இடப்பக்கம் மாற்றிப் போட்டுக் கொடுத்திருந்தான். அவள் வெட்ட, அண்ணி எடுக்க, அந்த மேசைத் தட்டில் உடைசலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மற்றத் தோப்புக்காரர்கள் தங்கள் கொட்டை முதல் மேசைக்குப் போகாதா என்று ஏங்குவார்கள்.

அந்த ஜோடி கொட்டகையில் அமைந்தது இல்லை. அண்ணி அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது நாத்தனார் பள்ளிக்கூடம் போகிற பெண். பீச்சாங்கையால் எதையும் தொடாதே என்று வீடே சேர்ந்து அவள் புறங்கையில் அடித்துக்கொண்டிருந்த சமயம். "அவ கை, அவ இஷ்டம். உங்களுக்கென்ன?" என்று கேட்ட முதல் ஆள் வந்து நாலு நாள்கூட ஆகாத அண்ணிதான். அன்றிலிருந்து நாத்தனார் அவள் முந்தானையை விடவில்லை. அண்ணியும் விடவிடவில்லை. நாத்தனார் கல்யாணத்தன்று பெற்றவளைவிட அதிகம் அழுதது இவள். மாப்பிள்ளையை, வீட்டில் எதையோ களவாட வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாளாம். நல்லவேளை, இரண்டு தெரு தள்ளித்தான் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் அந்த மனுஷன் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முந்திரி ஓட்டின் சாறு பொல்லாதது. பட்ட இடம் கறுத்து, வெந்து, தோல் உரியும். கையுறை கொடுத்திருக்கிறார்கள், ஆனாலும் எங்கேயாவது புகுந்துவிடும். வேலை முடிந்ததும் கையைக் கழுவி எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். நாங்கள் எல்லாரும் நாங்களே தடவிக்கொள்வோம். நாத்தனார் மட்டும் இடது கையை நீட்டிக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். அண்ணி விரல் விரலாக, இடுக்கு இடுக்காகத் தடவிவிடுவாள். பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். பார்க்காமல் இருக்கவும் முடியாது.

பருவத் தொடக்கத்தில் மேட்டுப் பக்கத்துத் தோப்புக்காரர்களும் சங்கத்தில் சேர்ந்தார்கள். கொட்டை கூடியது, மேசைகள் கூடின, புதுப் பெண்கள் வந்தார்கள். செயலாளர் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"நல்லா வேலை தெரிஞ்சவங்க எல்லாம் ஒரே மேசையில உட்கார்ந்தா புதுசா வந்தவங்க எப்ப கத்துக்கறது? ஜோடியை மாத்தி உட்காருங்க. முதல் மேசைக்கு ஊசி எடுக்க மேட்டுக்காரப் பொண்ணு வரட்டும். அண்ணி, நீங்க மூணாவது மேசைக்குப் போங்க."

மூன்றாவது மேசை என்னுடையது. சொன்னது நியாயமான பேச்சு, யாரும் குறை சொல்ல முடியாது. அண்ணி செயலாளரைப் பார்க்கவே இல்லை. நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் மறுத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தாள். அவளோ, "சரிங்க, கத்துக்கொடுத்தாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, மேட்டுக்காரிக்கு முக்காலியை இழுத்துப் போட்டாள். முக்காலியைத் துடைத்து வேறு கொடுத்தாள்.

அந்தத் துடைப்பைத்தான் அண்ணியால் தாங்க முடியவில்லை.

"பாத்தியா?" என்றாள், என் எதிரே வந்து உட்கார்ந்ததும். "எனக்கு ஒரு நாளாவது துடைச்சுப் போட்டிருக்காளா?"

"உங்களுக்கு எதுக்கு அண்ணி உபசாரம் எல்லாம்? நீங்க வீட்டு மனுஷி."

"ஆமா, வீட்டு மனுஷி. அதான் எந்திரிச்சுப் போன்னு சொன்னதும் வாயைத் திறக்கல."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கொட்டகையிலேயே நல்ல ஊசிக்காரி என் மேசைக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு நானே டீ வாங்கி வந்து வைத்தேன். வெயில் படாத பக்கம் முக்காலியைத் தள்ளிப் போட்டேன். அவள் டீயைக் குடித்தாள், யார் வைத்தது என்று பார்க்கவில்லை. கண் முதல் மேசையிலேயே இருந்தது. அங்கே மேட்டுக்காரி சிரித்தால் இவளுக்கு முகம் கடுகடுக்கும். நாத்தனார் ஏதாவது குனிந்து சொன்னால், "என்னவாம்? என்ன சொல்றாளாம்?" என்று என்னைக் கேட்பாள். எனக்கென்ன பாம்புக் காதா?

சாயங்காலம் எண்ணெய் தடவும் நேரத்தில் அண்ணி கையைக் கழுவிக்கொண்டு நேரே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நாத்தனார் இடது கையை நீட்டப் போனவள், மடக்கிக்கொண்டாள். அப்புறம் தானே தடவிக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான்.

இதற்கு நடுவில் என் மேசையில் ஒரு கூத்து. கொட்டகையின் சிறந்த ஊசிக்காரி நான் வெட்டிக் கொடுத்ததை எல்லாம் உடைத்துத் தள்ளினாள். எனக்கு மானம் போயிற்று. வெட்டுவதில்தான் கோளாறு என்று எல்லாரும் என்னைத்தானே சொல்வார்கள்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் கையைப் பார்த்தேன். ஓட்டை எடுத்ததும், ஊசி போடுவதற்கு முன்னால், விரலுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒவ்வொரு தடவையும்.

"அண்ணி, ஓட்டை ஏன் சுத்துறீங்க?"

"நானா? எங்க சுத்துறேன்?"

"இதோ, இப்பக்கூட."

அண்ணி தன் கையை யாருடையதோ என்பதுபோலப் பார்த்தாள். அடுத்த ஓட்டை எடுத்தாள். விரல் தானாகத் திருப்பியது. நிறுத்தினாள். திருப்பாமல் ஊசியைப் போட்டாள். பருப்பு முழுசாக வந்து தட்டில் விழுந்தது. அப்புறம் நிமிர்ந்து முதல் மேசையை வெகுநேரம் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நானும் இளித்து வைத்தேன்.

விஷயம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. இடதுகைக்காரி கொட்டையைக் கத்தியில் எங்களைப்போல வைப்பதில்லை, மாற்றி வைக்கிறாள். அவள் வெட்டிய ஓட்டில், முதுகு இருக்க வேண்டிய பக்கத்தில் வயிறு இருக்கிறது. அண்ணி இத்தனை காலமும் அதைத் தன்னையறியாமல் திருப்பித் திருப்பி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது வெட்டுகிறவளுக்குத் தெரியாது. எடுத்தவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஏனென்றால் முதல் மேசையில் பருப்பு உடைந்துகொண்டிருந்தது. மேட்டுக்காரி பாவம், கெட்டிக்காரிதான், மற்ற மேசையில் உட்கார வைத்தால் மணியாக எடுப்பாள். இங்கே ஊசி போட்டால் போட்டதெல்லாம் பிளந்தது. ஒவ்வொரு உடைசலுக்கும் அண்ணிக்குத் தெம்பு ஏறியது. அங்கே "அடடா" என்று சத்தம் கேட்டால் இங்கே இவள் ஊசி இன்னும் வேகமாகப் போகும். பழையபடி பாட்டுக்கூட முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

"மேட்டுக்காரி கைக்குப் பழகல போலிருக்கே, அண்ணி" என்று வாயைக் கிண்டினேன்.

"பழகாது" என்றாள் அண்ணி. "எப்படிப் பழகும்?"

கொஞ்ச நாளில் ஜோடி சரிவரவில்லை என்று செயலாளரே சொல்லித் தன்னைத் திரும்பக் கூப்பிடுவார், அதுவும் நாத்தனாரே வந்து கூப்பிடுவாள் என்பது அவள் கணக்கு. அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் வீட்டில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியின் வீட்டுக்காரருக்குச் சங்கத்தின்மேல் ஆரம்பத்திலிருந்தே அரை மனசு. கொட்டையைக் கொடுத்துவிட்டுப் பருப்பு விற்கும்வரை காத்திருப்பது அவருக்கு ஆகாது. வியாபாரி அன்றன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார் என்பார். ஒரு நாள் கொட்டகை வாசலில் அண்ணியைக் கூட்டிப்போக வந்தவர், என் காதுபடவே சொன்னார்.

"இங்க பாரு, இந்தத் தடவை நம்ம கொட்டையில முழுப் பருப்பு நல்லா விழணும். உடைசலா விழுந்துச்சு, சங்கமும் வேணாம் ஒண்ணும் வேணாம். பழையபடி வியாபாரிக்கே போட்டுடறேன். அதுக்கப்புறம் பேச்சில்ல."

சங்கத்தில் இல்லாத வீட்டுப் பெண்ணுக்குக் கொட்டகையில் இடம் இல்லை. அது எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். அண்ணி, "எல்லாம் நல்லா விழும், வாங்க" என்று நடந்தாள்.

அவர்கள் தோப்புக் கொட்டையின் முறை வந்தது. ஒரு வீட்டுக் கொட்டை ஒரே மேசையில்தான் உடைபடும். எந்த மேசை என்பது வரிசைப்படி. வரிசைப்படி வந்து நின்றது முதல் மேசை. அண்ணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கவும் அவளால் முடியவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

போதாததற்கு இன்னொரு வழக்கம். தன் வீட்டுக் கொட்டை உடைபடும்போது அந்த வீட்டு ஆட்கள் கொட்டகைக்குள் இருக்கக் கூடாது. முதல் வருஷத்தில் ஒரு மகராசி எங்கிருந்தோ முழுப் பருப்பை மடியில் கட்டிவந்து தன் வீட்டுத் தட்டில் கொட்டிவிட்டாள். அதிலிருந்து வந்த வழக்கம் இது. நாத்தனார் வேறு வீட்டில் வாழ்கிறவள், அவளுக்குத் தடையில்லை. அண்ணி வெளியே போக வேண்டியதுதான். ஊசிக்காரி வெளியே போனால் எனக்கு மட்டும் மேசையில் என்ன வேலை? நானும் அவளோடு வந்து, கம்பி போட்ட ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அண்ணியின் வீட்டுக்காரரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

உள்ளே மிதி விழுந்தது. ஓடு பிளந்தது. மேட்டுக்காரி ஊசியைப் போட்டாள். பருப்பு இரண்டாக வந்தது.

நான் அண்ணியைப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவள் உதட்டோரத்தில் சிரிப்பு. தன் தோப்பில் தன் கையால் பொறுக்கிய கொட்டை. அது உடைகிறது. அவளுக்கு இனிக்கிறது! பொறாமை என்றால் இப்படியும் ஒரு பொறாமையா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்ததும் பிளந்தது. அதற்கடுத்ததும். உடைசல் தட்டு ஏறிக்கொண்டே போயிற்று. நாத்தனார் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மேட்டுக்காரியின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

"போதும், பார்த்தாச்சு" என்றார் அண்ணியின் வீட்டுக்காரர். துண்டை உதறித் திரும்பப் போட்டார். "சாயங்காலமே வியாபாரிகிட்டப் போய்ப் பேசிட்டு வந்துடறேன். நீயும் உன் ஊசியை எடுத்துக்கிட்டு வந்துடு. நாளையிலிருந்து வர வேணாம்."

அண்ணியின் சிரிப்பு நின்றது. ஜன்னல் வழியாக முதல் மேசையைப் பார்த்தாள். மூன்றாவது மேசையையும் பார்த்தாள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக. இனி அங்கே உட்கார்ந்து முதல் மேசையை முறைக்கக்கூட வழியில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் வெளியே போய்விடுவாள், மேட்டுக்காரி உள்ளேயே இருப்பாள், நாளெல்லாம், நாத்தனாரின் எதிரே. அதை அவளால் எப்படிப் பொறுக்க முடியும்?

கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்! மேட்டுக்காரி!"

உள்ளே எல்லா மிதியும் நின்றன.

"ஓட்டைத் திருப்புடி! எடுத்த எடுப்பில குத்தாதே. விரலுக்குள்ள ஒரு சுத்துச் சுத்திட்டு அப்புறம் ஊசியைப் போடு. அவ வெட்டினா எல்லாமே பின்பக்கமாத்தான் வரும்!"

செயலாளர் எழுந்து வந்தார். "அண்ணி, வெளியில இருந்து பேசக் கூடாது…"

"கொட்டையையா தொட்டேன்? வாயைத்தானே தொறந்தேன்!"

மேட்டுக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓட்டைத் திருப்பினாள். ஊசியைப் போட்டாள். பருப்பு முழுசாகத் துள்ளித் தட்டில் விழுந்தது. அடுத்ததைத் திருப்பினாள். அதுவும் முழுசு. கொட்டகையே எட்டிப் பார்த்தது. நாத்தனார் மட்டும் தட்டைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா நான் வெட்டினதை எல்லாம் திருப்பித் திருப்பியா எடுத்தீங்க, அண்ணி?"

"பின்னே? நீ எதைத்தான் நேரா செஞ்சிருக்கே?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. நாத்தனாரும் சிரிக்கவில்லை.

அதற்குமேல் உடைந்தது கொஞ்சம்தான். முழுப் பருப்புத் தட்டு நிறைந்து வழிய வழிய, அண்ணியின் வீட்டுக்காரர் துண்டை எடுத்து முகம் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், கடைசியில் செயலாளரிடம் போய், "அடுத்த பருவத்துக்கு ஓடை ஓரத்து மரத்துக் கொட்டையையும் சேர்த்தே போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். வியாபாரி பேச்சை அவர் எடுத்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

செயலாளருக்கு வாயெல்லாம் பல். மறுநாள் காலை எல்லாரையும் கூட்டி அறிவித்தார்: ஜோடிகள் நன்றாக அமைந்துவிட்டன, இனி இப்படியே இருக்கட்டும், முதல் மேசைக்கு மேட்டுக்காரி, மூன்றாவது மேசைக்கு அண்ணி. கொடுக்கக் கூடாததைத் தன் வாயாலேயே கொடுத்துவிட்டு வந்தவள், என் எதிரே குத்துக்கல்லாக உட்கார்ந்தாள். முதல் மேசைத் தட்டில் பருப்பு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு உடைசலாவது விழாதா என்று அண்ணி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். விழவே இல்லை.

வேலை முடிந்து கை கழுவினோம். மேட்டுக்காரி ஓட்டமாகப் போய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்தாள். நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, உரிமையோடு அவள் இடது கையைப் பிடித்தாள்.

"குடுங்க அக்கா, நான் தடவறேன்."

நாத்தனார் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ வை. அதுக்கு வேற ஆள் இருக்கு."

சொல்லிவிட்டு, எங்கள் மேசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், இடது கையை அப்படியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி உடனே எழவில்லை. மேசையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். ஊசியைக் கழுவி, உலர்த்தி, துணியில் சுற்றினாள். நீட்டிய கை நீட்டியபடியே காத்திருந்தது. பிறகு எழுந்து போய், மேட்டுக்காரியின் கையிலிருந்து புட்டியை வாங்கினாள். வாங்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தை நன்றாக ஒரு பார்வை பார்த்தாள். அந்த முகம் சுண்டிப்போயிருந்தது. அண்ணிக்கு அது போதுமாயிருந்தது. உட்கார்ந்து, விரல் விரலாக, இடுக்கு இடுக்காகத் தடவ ஆரம்பித்தாள்.

"தோல் எல்லாம் எப்படிப் போட்டு வச்சிருக்கே பாரு" என்று திட்டுவது எனக்குக் கேட்டது.

என் கையிலும் சாறு பட்டு, கட்டைவிரல் ஓரம் வெந்துபோயிருந்தது. அவர்கள் முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அவர்கள் முடிக்கிற வழியாக இல்லை. ஜன்னலில் இருந்த இன்னொரு புட்டியை எடுத்து நானே தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.